காதுக்குக் கழிவு

அந்தியூர்க் குதிரைச் சந்தை. ஆடி வெயில்.
துண்டுக்கடியில் என் வீட்டுக்காரர் விரலைப் பிடித்து
விலை சொன்னார் பாபுஜான் ராவுத்தர்.
பிறகு துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு
ஊருக்கே கேட்க:
"காதுக்கு மூவாயிரம் கழிச்சுக்கங்க."

தவிட்டு நிறம். சுழி சுத்தம்.
காதுகள் மட்டும் ஆளுக்கொரு பக்கம் தொங்கின,
உச்சி வெயிலில் பூசணி இலை மாதிரி.
நுனியும் நுனியும் முட்ட
காதுகளைக் கும்பிட்ட கையாக்கி
மற்றதெல்லாம் நின்ற வரிசையில்
இவள் ஒருத்திதான்
இப்போது தூங்கி எழுந்தவள்.

அவர் மயங்கியது மூவாயிரத்துக்கு.
நான் காதுக்கு.

மூலனூருக்குத் தெற்கே எங்கள் தோட்டம்.
பாலக்காட்டுக் கணவாய்க் காற்று திறந்துவிட்டால்
காற்றாலைகள் இரவெல்லாம் முனகும்,
தவிட்டியின் காதுகள்
கொடியில் எடுக்க மறந்த துணியாய் அடித்துக்கொள்ளும்.
ஆளுக்கொரு கையில் பிடித்து நிற்பேன்.
இட்டிலிச் சூடு.
உள்ளே ஒரு நரம்பு துடிக்கும்.
கூப்பிட்டால் மற்ற குதிரைகளுக்குக் காது திரும்பும்.
இவளுக்குக் கழுத்தே திரும்ப வேண்டும்,
முழுசாக, என் பக்கம்.

பண்டுதம் பார்க்க வந்த டாக்டரம்மாவைக் கேட்டேன்:
"குட்டிக்கும் வருங்களா?"
"வரலாம், வராமயும் போகலாம்.
பொறவியா, உண்ணி ஏறி நரம்பு விட்டதான்னு தெரியலயே.
இவ ஆத்தாளைப் பாத்தவங்க யாருங்க?"
ராவுத்தருக்குப் போன் போட்டேன்.
"காது தகப்பன் வழிம்மா, தைரியமா இருங்க."
எனக்கு அதில் தைரியம் ஒன்றும் வரவில்லை.

வெள்ளகோயில் பொலிக்குதிரைக்குக் காது ரெண்டும் ஈட்டி.
அதற்கென்றே ஐயாயிரம் கொடுத்தார் இவர்.
நான் வேண்டிக்கொண்டது என்ன,
எந்தச் சாமியிடம்,
அதைக் கேட்காதீர்கள்.

பதினொன்றாம் மாசம் கட்டுத்தரையில் டார்ச் வெளிச்சத்தில்
முதலில் குளம்பு, பிறகு மூக்கு,
பிறகு
தலையோடு ஒட்டிக் கிடந்த ஈரமான இரண்டு காது.
வைக்கோலில் துடைக்கிற சாக்கில்
தொட்டுத் தொட்டுப் பார்த்தேன்.
மடிந்துதான் இருந்தன.
"பொறந்த குட்டிக்கெல்லாம் அப்படித்தான் இருக்கும், போ" என்றார் இவர்.

விடியும்போது இடது நிமிர்ந்துவிட்டது.
வலது பாதி வழியில் நின்று யோசித்தது.
மூன்று நாள்.
சோறு வடிக்கப் போனவள் திரும்பி வருவதற்குள்
அதுவும் எழுந்து நின்றது,
ஆண்டெனாவைப் போல.
இவர் விசிலடித்தார்.
நான் தவிட்டிக்குத் தட்டுப் போடப் போனேன்.

ஏழு மாசத்தில் பல்லடம் மில்லுக்காரர் மயில்வாகனம் காரில் வந்தார்.
குட்டியின் காதைச் சுண்டிப் பார்த்தார்,
நாணயம் பார்ப்பதுபோல.
அட்வான்ஸ் பையில் கை போய்விட்டது.
"தாயைக் காட்டுங்க, பாத்தரலாம்."

கயிற்றைப் பிடித்து வந்தது நான்தான்.
மறைக்கவில்லை. இன்னும் சொல்லப்போனால்
அன்றைக்குச் சீவியும் விட்டிருந்தேன்.
காற்று வேறு அடித்தது.
தவிட்டி வந்து நின்று
இரண்டு காதையும் இரண்டு பக்கமும் ஆட்டினாள்.

பையிலிருந்து கை வெறுமனே வெளியே வந்தது.
"இதோட வயித்துலயா?
இதுக்கு வரலீன்னா என்னங்க,
இதோட குட்டிக்கு வந்தா?
உள்ளுக்குள்ள இருக்குமுங்க அது.
ஒரு தலைமுறை ஒளிஞ்சிருந்துட்டு வரும்."

கார் போன புழுதி அடங்கும்வரை
இவர் என்னிடம் பேசவில்லை. ராத்திரியும் பேசவில்லை.

நான் கொள்ளு வேக வைத்தேன்.
தாய்க்கு ஒரு வாளி.
குட்டிக்கு அரை வாளி.
அப்புறம்,
நட்டுக்குத்தலாக நிற்கிற அந்தக் காதுகளுக்குள்
எங்கேயோ மடிந்து படுத்திருக்கிற காதுக்கு
இன்னும் ஒரு கை அள்ளிப் போட்டேன்.